பழைய சின்ன பாத்ரூமைப் புதுப்பிக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 1980, 90-களில் கட்டிய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் பாத்ரூம் ஐந்தடிக்கு ஏழடிதான். மொசைக் தரை, இடுப்பு உயரத்துக்கு ஆறங்குல வெள்ளை டைல், அதற்கு மேல் எண்ணெய் பெயிண்ட், சுவருக்குள் துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும் ஒரு மூலை. இப்படிப்பட்ட பாத்ரூம்களை இடித்துப் புதிதாக்கித் தருவதுதான் என் தொழில். வேலை தொடங்கும் முன் வீட்டுக்காரர்கள் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன். தனி வீட்டுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

எல்லாவற்றையும் இடிக்கத்தான் வேண்டுமா? பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டலாம் என்கிறார்களே?

ஒட்டலாம். அதற்கென்றே பசை விற்கிறது, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள். பாத்ரூம் சுவரின் மறுபக்கம், அதாவது படுக்கையறையிலோ ஹாலிலோ, தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் பெயிண்ட் உப்பியிருக்கிறதா, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? கீழ்வீட்டு பாத்ரூம் மேற்கூரையில் ஈரத்தடம் இருக்கிறதா? பழைய டைலை நாணயத்தால் தட்டினால் டொக்கு சத்தம் வருகிறதா? மூன்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் மேலே ஒட்டுவது வீண் செலவு. தண்ணீர் ஏற்கெனவே அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை மூடிவைத்தது போலத்தான் ஆகும்.

இன்னொன்று, பழைய கட்டடத்தில் சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. குழாய். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் குழாய் உள்ளே அரித்துவிட்டது என்று பொருள். அதன் மேல் புது டைலைப் பதித்தால், குழாய் ஓட்டையாகும் அன்று அந்த டைலை நீங்களே உடைக்க வேண்டிவரும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் கட்டிய வீடு, சிபிவிசி (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய், எங்கும் ஓதம் இல்லை, டைலின் நிறம் மட்டும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மேலே ஒட்டலாம். தரை அரை அங்குலம் உயரும் என்பதைக் கணக்கில் எடுத்து, கதவின் அடியையும் வாசல்படியையும் முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

உடைத்தால் கீழே என்னதான் இருக்கும்?

மாடி வீடுகளில் பாத்ரூம் தளத்தை மட்டும் ஒரு அடி முதல் ஒன்றரை அடி வரை இறக்கிப் போட்டிருப்பார்கள். அதற்குச் சன்கன் ஸ்லாப் என்று பெயர். டாய்லெட் குழாயும் தரைக் குழாயும் அந்தப் பள்ளத்துக்குள் படுத்திருக்கும். குழாயைச் சுற்றி உடைந்த செங்கல்லைக் கொட்டி நிரப்பி, மேலே காரை போட்டு மொசைக் பதித்திருப்பார்கள்.

மொசைக்கைப் பெயர்த்துவிட்டு அந்தச் செங்கல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு நாளாக யாரும் குளிக்காமல் இருந்தாலும் அது கருத்து, கனத்து, ஈரமாக இருக்கும். சாக்கடை வாடை அடிக்கும். டைல் இணைப்பிலும் குழாய் மூட்டிலும் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் வருடக்கணக்காக அங்கே ஊறிக்கிடக்கிறது. கீழ்வீட்டுக்காரர் சொல்லும் கசிவு இங்கிருந்துதான் போகிறது. அதனால் மேல் பூச்சை மட்டும் எடுத்துவிட்டு ‘கீழே நல்லாத்தான் இருக்கு’ என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிரப்பியது முழுவதையும் வாரி வெளியே போட்டு, கான்கிரீட் தளம் கண்ணுக்குத் தெரியும்வரை போக வேண்டும்.

தளம் வெளியே வந்ததும் கம்பி தெரிகிறதா, துரு தள்ளி கான்கிரீட் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்திருந்தால் கொத்தனாரின் சிமெண்ட் பூச்சு போதாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டிவிட்டுத் தொடருங்கள். தளத்தின் மேல் பெரிய டிரில்லிங் மெஷினை ஓட்ட விடாதீர்கள். கடைசி இரண்டு மூன்று அங்குலத்தை உளி சுத்தியலால் எடுப்பதுதான் பாதுகாப்பு.

வாட்டர் ப்ரூஃபிங் எப்படிச் செய்ய வேண்டும்? சிமெண்டில் ஒரு பாட்டில் கெமிக்கல் கலந்தால் போதாதா?

போதாது. கலவையில் சேர்க்கும் திரவம் பூச்சுக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். புதுப்பித்த பாத்ரூம் மறுபடி கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு வேலையை அரைகுறையாக முடித்ததுதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தளத்தைத் தூசியில்லாமல் கழுவி, வெடிப்புகளை அடைக்க வேண்டும். டாய்லெட் குழாயும் தரைக் குழாயும் சுவரையோ தளத்தையோ துளைத்துப் போகும் இடங்களில் சாதா சிமெண்டை அப்பக் கூடாது. அது காயும்போது சுருங்கி, குழாயைச் சுற்றி முடி போன்ற ஒரு இடைவெளி விழும். சுருங்காத க்ரௌட் என்று கேட்டு வாங்கி அதை ஊற்ற வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கூர்மையாக விடாமல் கலவையால் சரிவாக உருட்டிக் கொடுக்க வேண்டும்.

பிறகு பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு. பொடியும் திரவமும் தனித்தனியாக வரும், பாக்கெட்டில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்ததும் இரண்டாவது கோட் குறுக்குத் திசையில். மூலைகளிலும் குழாயைச் சுற்றியும் இரண்டு கோட்டுக்கு நடுவே ஃபைபர் வலையை வைத்துப் பூச வேண்டும். பூச்சு தரையோடு நிற்கக் கூடாது. சுவரில் முடிவடைந்த தரை மட்டத்துக்கு மேல் குறைந்தது ஒரு அடி, குளிக்கும் பக்கத்துச் சுவர்களில் ஷவர் உயரம் வரை ஏற வேண்டும்.

பூச்சு இறுகியதும் குழாய் வாய்களை அடைத்து, மூன்று அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் மட்டத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி, நேரம் எழுதுங்கள். கட்டுவதற்கு முன்பே கீழ்வீட்டுக்குப் போய், “ரெண்டு நாள் உங்க பாத்ரூம் சீலிங்கைக் கொஞ்சம் பாத்துக்கிட்டே இருங்க அண்ணே, ஈரம் தெரிஞ்சா உடனே சொல்லுங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அங்கே ஈரத்தடம் இருந்தால் அதன் ஓரத்தையும் பென்சிலால் கோடிட்டு வைத்தால், புதிதாகப் பரவுகிறதா என்று தெரிந்துவிடும். ஆவியாகிக் கொஞ்சம் குறைவது இயல்பு. கோட்டிலிருந்து வெளிப்படையாக இறங்கினால் ஓட்டையைத் தேடி, மறுபடி பூசி, மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தை நிரப்பும் முன் இன்னொரு வேலை. தள மட்டத்தில் ஒரு சின்னக் குழாயைச் சுவர் வழியே வெளியே ஷாஃப்டுக்குள் (குழாய்கள் இறங்கும் திறந்த இடைவெளி) நீட்டி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு எங்காவது கசிந்தாலும் தண்ணீர் உள்ளே ஊறாமல் அந்த வழியே சொட்டும். அதைப் பார்த்தே உங்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும். நிரப்பி, மேலே கான்கிரீட் போட்ட பிறகு, டைலுக்கு அடியில் இன்னொரு முறை இரண்டு கோட் பூசித் தண்ணீர் கட்டிப் பாருங்கள். ‘ரெண்டு தடவை எதுக்கு’ என்று வேலைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தச் செலவு உங்கள் டைல் பில்லில் ஒரு சிறு பங்குதான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

தரையில் தண்ணீர் தேங்காமல் இருக்க?

வாட்டம் சரியாக இருக்க வேண்டும். எண்பதுக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு: ஐந்தடி நீளத்துக்கு முக்கால் அங்குலம் இறக்கம். அதற்கு மேல் கொடுத்தால் நிற்கும்போது கால் சரியும். வாட்டத்தைக் கான்கிரீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும், டைல் பதிக்கும்போது கலவையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிப்பது வேலைக்காகாது. டைல் பதித்து முடிந்ததும் இணைப்பை நிரப்பும் முன் ஒரு பக்கெட் தண்ணீரை வாசல் பக்கத்திலிருந்து ஊற்றிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அந்த டைலை அப்போதே பெயர்த்துச் சரிசெய்வது சுலபம்.

பெரிய டைலில் நான்கு பக்கமிருந்தும் ஒரு புள்ளிக்கு வாட்டம் கொடுக்க முடியாது. அதனால்தான் சின்ன பாத்ரூம் தரைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி டைலே போதும் என்கிறேன்.

சாக்கடை நாற்றமும் கரப்பான்பூச்சியும் வருகிறது. ஜாலி மாற்றினால் சரியாகுமா?

ஜாலி மேல்மூடி மட்டும்தான். நாற்றத்தைத் தடுப்பது அதன் கீழே இருக்கும் நாணி ட்ராப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆழம் 50 மி.மீ. இருக்க வேண்டும். பழைய வீடுகளில் ட்ராப்பே இல்லாமல் நேராக எல்போ போட்டிருப்பதையும் பார்க்கிறேன். ஆழம் குறைந்த மலிவு ட்ராப்பில் நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தாலே தண்ணீர் வற்றி வாடை ஏறிவிடும். வாஷ்பேசின் குழாயைத் தரை ஜாலியில் விடாமல், நாணி ட்ராப்பின் பக்கவாயில் இணைத்தால் ட்ராப் எப்போதும் நிறைந்திருக்கும். விருந்தினர் அறை பாத்ரூம் என்றால் வாரம் ஒருமுறை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஐந்துக்கு ஏழு அடியில் எல்லாம் அடங்குமா? குளிக்கும் இடத்தைத் தனியாகப் பிரிக்க முடியுமா?

அடங்கும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, குளியலும் கழிப்பிடமும் சேர்ந்த அறைக்குக் கேட்பது குறைந்தது 2.8 சதுர மீட்டர், ஏறக்குறைய 30 சதுர அடி. உங்களிடம் இருப்பது 35.

கதவு ஐந்தடிச் சுவரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளச் சுவர் ஏழடி, அதாவது 84 அங்குலம். கதவருகே வாஷ்பேசினுக்கு 18 அங்குலம், அடுத்து வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு 30 அங்குலம், ஜன்னல் பக்கம் குளிப்பதற்கு 36 அங்குலம். டாய்லெட்டின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 அங்குலமாவது வேண்டும், அதனால்தான் 30. வாஷ்பேசின் முன்பக்கம் அதிகம் நீட்டாததாக, 12 அல்லது 14 அங்குல அகலத்தில் பாருங்கள்.

பிரிப்பதற்கு முழு கண்ணாடி அறை தேவையில்லை. டாய்லெட்டுக்கும் குளிக்கும் இடத்துக்கும் நடுவே இரண்டரை அடி அகலத்தில் 8 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, மீதியைத் திறந்தே விடலாம். குளிக்கும் பக்கத் தரையை அரை அங்குலம் தாழ்த்தினால் தண்ணீர் இந்தப் பக்கம் வராது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஒரு ஸ்டீல் ராடும் திரையும் போதும். சென்னை உப்புத் தண்ணீரில் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி படியும். தினமும் துடைக்க ஆள் இருக்கிறார்களா என்று யோசித்து முடிவெடுங்கள்.

நம் வீடுகளில் பக்கெட்டில் பிடித்து மொண்டு குளிப்பவர்கள் இருக்கிறார்கள், துணி அலசுகிறார்கள். படத்தில் பார்க்கும் பாத்ரூம்களில் பக்கெட்டுக்கு இடமே இருக்காது. பக்கெட் குழாயைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், சுவர் மூலையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். மூலையை ஒட்டி வைத்தால் பக்கெட் நேராக உட்காராது. உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் போடவும் அந்த 36 அங்குலம் போதுமா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, வீட்டில் பெரியவர்களை உட்காரவைத்தே பார்த்துவிடுங்கள்.

வாஸ்துப்படி டாய்லெட்டைத் திருப்பி வைக்கலாமா?

மலக்குழாய் இறங்கும் ஷாஃப்ட் எங்கே இருக்கிறதோ அதை ஒட்டித்தான் டாய்லெட் இருக்க முடியும். தூரம் கூடக் கூட வாட்டத்துக்கு ஆழம் வேண்டும், அடைப்பும் கூடும். அதே இடத்தில் வைத்து முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்புவது பல வீடுகளில் நடக்கும். சன்கன் பள்ளம் திறந்திருக்கும்போது பிளம்பரிடம் கேளுங்கள். டைல் பதித்த பிறகு கேட்டால் முடியாது.

இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

கடைக்குப் போகும் முன் கழிவுக் குழாய் தரையில் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். தரை என்றால் எஸ் ட்ராப், சுவர் என்றால் பி ட்ராப். தரைக் குழாயாக இருந்தால், டைல் பதித்த பின் இருக்கப்போகும் சுவர் முகத்திலிருந்து குழாயின் நடு வரை எத்தனை அங்குலம் என்பதை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். செங்கல் சுவரிலிருந்து அளந்துவிட்டு வந்தால், பூச்சும் டைலும் ஒன்றரை அங்குலம் தின்றுவிடும், டாய்லெட் உட்காராது. டாய்லெட் செட்டை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் அளவுத் தாளைப் பிளம்பர் கையில் கொடுத்துவிட்டுக் குழாய் போடச் சொல்வதுதான் சரியான வரிசை.

ஃப்ளஷ் டேங்க் இரட்டைப் பட்டன் உள்ளதாக வாங்குங்கள். பழைய டேங்குகள் ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும். இப்போது வருபவை 3 அல்லது 6 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இது பெரிய மிச்சம்.

சுவரில் தொங்கும் டாய்லெட் வைத்தால் இடம் பெரிதாகத் தெரியுமாமே?

தெரியும், தரையைக் கழுவவும் வசதி. ஆனால் பழைய வீடுகளில் பாத்ரூம் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர். அதில் நேராகப் போல்ட் அடித்துத் தொங்கவிடக் கூடாது. தரையில் ஊன்றும் இரும்பு ஃப்ரேம் வைத்து, அதை மறைக்கச் சுவர் எழுப்ப வேண்டும். அதற்கு ஆறேழு அங்குலம் போகும். ஐந்தடி அகலத்தில் அந்த இழப்பு பெரிது. டேங்க் சுவருக்குள் இருக்கும், பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். சின்ன பாத்ரூமுக்குத் தரையில் நிற்கும் ஒரே பீஸ் டாய்லெட்டையே நான் சொல்வேன்.

எந்தக் குழாய் போடுவது?

குடிக்க, குளிக்க வரும் லைனுக்குச் சிபிவிசி, ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர முத்திரை பார்த்து. வெந்நீர், தண்ணீர் இரண்டுக்கும் இதையே போட்டுவிடுங்கள். வெள்ளை யுபிவிசி வெந்நீருக்கு ஆகாது. கழிவு லைனுக்கு ஐஎஸ் 13592-இல் பி வகைக் குழாய். அதே தரத்தில் ஏ வகை என்பது காற்றுக் குழாய்க்கும் மழைநீருக்கும். விலை குறைவு என்று அதை டாய்லெட்டுக்குப் போட்டுவிடுவார்கள், குழாய் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். டேப் மாட்டும் இடங்களில் பித்தளை உள்மரை உள்ள எல்போ கேளுங்கள். பிளாஸ்டிக் மரை இரண்டு தடவை திருகினால் போய்விடும்.

சுவரை மூடும் முன் எல்லா வாய்களிலும் டம்மி (அடைப்பு மூடி) போட்டு, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் டேப்பை விரித்துப் பிடித்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் டவல் ராடு மாட்டத் துளை போடும்போது அந்தப் போட்டோ குழாயைக் காப்பாற்றும். பாத்ரூமுக்கென்று தனியாக ஒரு வால்வு வைத்தால், ஒரு வாஷர் மாற்ற வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது.

பெரிய ரெயின் ஷவர் மாட்டலாமா?

அழுத்தம் இருந்தால் மாட்டலாம். தொட்டித் தண்ணீர் மட்டம் ஷவரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, பத்தடிக்கு 0.3 பார் (அழுத்தத்தின் அளவு) என்று கணக்கு. நீங்கள் மேல்மாடி, தொட்டி மொட்டைமாடியில் என்றால் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். 1 பார் கேட்கும் ஷவருக்கு 33 அடி உயரம் வேண்டும். பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். மேல்மாடிக்காரர்களுக்கு நாலங்குலச் சாதா ஷவரும் முக்கால் அங்குலக் குழாயும்தான் திருப்தி தரும். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அங்கே அழுத்தம் அதிகம் என்பதால் ஹெல்த் ஃபாசெட்டின் ஆங்கிள் காக்கை (சுவரில் அதற்கு இருக்கும் சின்ன வால்வு) உபயோகித்ததும் மூடிவிட வேண்டும். திறந்தே கிடந்து ஹோஸ் வெடித்தால் வீடு முழுக்கத் தண்ணீர்தான்.

டைல் எவ்வளவு வாங்குவது? எது நல்லது?

ஐந்துக்கு ஏழு அறையின் சுற்றளவு 24 அடி. ஏழடி உயரம் ஒட்டினால் 168 சதுர அடி. கதவைக் கழித்தால் 150. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுவருக்கு 165, தரைக்கு 39 சதுர அடி. 12-க்கு 18 அங்குல டைல் ஒன்று ஒன்றரை சதுர அடி, ஆகச் சுவருக்கு 110 டைல். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், வேறு பேட்ச் என்றால் நிறம் லேசாக மாறும். ஒரு பெட்டியைப் பரண் மேல் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே டைல் கடையில் கிடைக்காது.

தரைக்கு வழுக்காத மேட் டைல்தான். கடையில் மாதிரியின் மேல் தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். சொரசொரப்பு அதிகமானால் அழுக்கும் பிடிக்கும் என்பதால் நடுத்தரமாக ஆர் 10 அல்லது ஆர் 11 என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சுவருக்கு வெளிர் நிறம் இடத்தைப் பெரிதாகக் காட்டும். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் கறுப்பு, அடர்நீலம் வேண்டாம், வெள்ளைக் கறை பளிச்சென்று தெரியும்.

டைலைச் சிமெண்டில் பதிப்பதா, பசையிலா?

நிறையத் தண்ணீர் உறிஞ்சும் சாதாரண செராமிக் டைலை ஊறவைத்துச் சிமெண்டில் பதிக்கலாம். விட்ரிஃபைட் டைல் அரை சதவீதம்கூட உறிஞ்சாது, சிமெண்ட் அதைப் பிடிக்காது. சில வருடத்தில் சுவரிலிருந்து பெயர்ந்து விழும் டைல்களில் பல அப்படிப் பதித்தவைதான். அதற்குப் பசை கட்டாயம், பசையில் ஒட்டும் டைலை ஊறவைக்கவும் கூடாது. எதில் ஒட்டினாலும் முதுகு முழுக்கப் பரவ வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்தினால் உள்ளே வெற்றிடம் நிற்கும், தண்ணீர் அங்கே போய் உட்காரும். அன்றன்று ஒட்டியதை மறுநாள் காலையில் தட்டிப் பாருங்கள்.

இணைப்பை நிரப்ப, குளிக்கும் பக்கத்துக்கு மட்டுமாவது எபாக்ஸி க்ரௌட் போடுங்கள். வெள்ளை சிமெண்ட் ஆறு மாதத்தில் கறுத்துவிடும்.

கீசரும் கரண்டும்?

2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் அளவு இழுக்கும். பழைய 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. தனியாக 4 சதுர மி.மீ. ஒயர், 16 ஆம்பியர் பாயின்ட், சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. எர்த் உண்மையில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதுண்டு. பாத்ரூம் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடாமல் வேலையை முடிக்காதீர்கள். கசிவு மின்சாரத்தை நொடிப்பொழுதில் துண்டித்து உயிரைக் காக்கும் சாதனம் அதுதான், லோடு கூடினால் கட்டாகும் எம்சிபி அந்த வேலையைச் செய்யாது.

ஜன்னல் இருந்தாலும் ஆறங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வேண்டும். கதவின் அடியில் அரை அங்குலம் இடைவெளி விட்டால்தான் காற்று உள்ளே வந்து ஃபேன் வேலை செய்யும்.

வீட்டில் அம்மா அப்பாவுக்கு வயதாகிறது. இப்போதே எதைச் செய்துவைக்கலாம்?

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை உடம்பே தடுத்துவிடும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். டாய்லெட் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடி மாட்டுங்கள். டைலுக்குப் பின்னால் திடமான செங்கல்லோ கான்கிரீட்டோ உள்ள இடத்தைப் பூச்சு வேலையின்போதே தேர்ந்தெடுத்துக் குறித்து வையுங்கள். முழு உடல் எடையையும் அது தாங்க வேண்டும், டவல் ராடு அதற்கு ஈடாகாது. வாசல்படி உயரத்தை முக்கால் அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். இரவில் கண் கூசாத ஒரு சின்ன விளக்கும் போடுங்கள்.

எவ்வளவு ஆகும்? காண்ட்ராக்ட் எப்படிப் பேசுவது?

சென்னையில் முழுதாக இடித்து, நடுத்தரப் பொருள்களோடு முடிக்க ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் என்று எண்ணி இறங்குங்கள். உடைத்த பிறகு தெரியவரும் வேலைக்கென்று பதினைந்து சதவீதம் தனியாக வையுங்கள். பணம் பற்றவில்லை என்றால் டைலிலும் ஃபிட்டிங்கிலும் குறையுங்கள். டேப்பைப் பிறகு அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம், தளத்துப் பூச்சை மாற்ற முடியாது.

‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று வாய்மொழியாகப் பேசாதீர்கள். எத்தனை கோட் பூச்சு, எந்தப் பொருள், எத்தனை மணி நேரம் தண்ணீர் கட்டுவது, குழாயின் தர எண், இடிபாடு அகற்றுவது யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு வாரம் உபயோகித்துப் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

மூன்று வாரம். ‘ஒரே வாரத்தில் முடிச்சுத் தர்றேன்’ என்பவர் தண்ணீர் கட்டிப் பார்க்கும் நாளையும் பூச்சு இறுகும் நாளையும்தான் வெட்டுகிறார். ஒரே பாத்ரூம் உள்ள வீடு என்றால் பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஏற்பாடு செய்துகொண்டு ஆரம்பியுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்க்க முடிந்தால் நல்லது, சுவர் காய மறுக்கும். டைல், டாய்லெட், டேப் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் முதல் சுத்தியல் விழ வேண்டும்.

இடித்த குப்பையை எங்கே போடுவது?

தெருவோரத்திலும் மழைநீர் வடிகாலிலும் கொட்டக் கூடாது. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்று மத்திய அரசின் விதிகள் 2016-இலேயே வந்துவிட்டன. சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதை அரைத்து மறுபயன்பாட்டுக்கு ஆக்கும் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் வார்டு அலுவலகத்தில் கேட்டு, கொட்டும் இடத்தைத் தெரிந்துகொண்டு வண்டி பேசுங்கள். மாடியிலிருந்து இறக்க மூட்டை கட்டும் கூலி தனி. அடுக்குமாடிச் சங்கத்திடமும் முன்கூட்டியே சொல்லி, மதியம் சத்தம் போடக் கூடாத நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் ஏதாவது இருந்தால் உடைக்கவோ காய்ந்த நிலையில் அறுக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

புது பாத்ரூமை எப்படிக் கழுவுவது? ஆசிட் ஊற்றலாமா?

வேண்டாம். தெருவில் விற்கும் ஆசிட் சிமெண்டைத் தின்னும். இணைப்பில் இருக்கும் க்ரௌட் கரைந்து ஓட்டை விழும், டேப்பின் குரோம் பூச்சு உரியும். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. பணிப்பெண்ணிடமும் இதைச் சொல்லிவையுங்கள். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும். டேப்பில் படியும் உப்புக்கு வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றிவைத்து, பிறகு நல்ல தண்ணீரால் அலசித் துடைத்துவிடுங்கள். கீசருக்குள்ளும் அதே உப்புதான் படிகிறது. வருடம் ஒருமுறை ஆளை வரவழைத்து டேங்கைக் கழுவி, டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு கம்பி கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.